மேஸ்திரி: ஒரு சொல், நாலு வேலை

வீடு கட்டும் இடத்தில் போய் "மேஸ்திரி யாருங்க?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால்தான் பதில் பலவாக வரும். மூலைக்கல் வைத்து நூல் கட்டுபவர் அவர். கொத்தனாரையும் சித்தாளையும் வேலை வாங்குபவர் அவர். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவரும் சனிக்கிழமை கூலி பிரித்துக் கொடுப்பவரும் அவரேதான். இந்த நாலையும் ஒரே தமிழ்ச்சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் மொழிபெயர்ப்புகள் சறுக்குகின்றன.

சொல் போர்ச்சுக்கீசியம் வழியாக வந்தது. அந்த மொழியில் 'மெஸ்த்ரெ' என்றால் தொழிலில் தேர்ந்த ஆசான். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் அதே கப்பலில் வந்தவைதாம். இதன் லத்தீன் மூலம் 'மகிஸ்தெர்'. அதற்குள் இருக்கும் 'மகிஸ்' என்பதற்குக் கூடுதல், மிகுதி என்று பொருள். ஆங்கிலத்தின் மாஸ்டரும் இதே வேரில் முளைத்ததுதான். ஆகவே டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், தையல் கடையின் கட்டிங் மாஸ்டர் எல்லாரும் மேஸ்திரிக்கு உடன்பிறப்புகள். வேடிக்கை என்னவென்றால், 'மினிஸ்டர்' என்ற சொல்லின் லத்தீன் வேர் 'மினுஸ்', அதாவது குறைவு. வேரை மட்டும் பார்த்தால் மேஸ்திரி பெரியவர், மினிஸ்டர் பணியாள்.

'மேசுத்திரி' என்று கிரந்தம் நீக்கி எழுதுவோர் உண்டு. அது எழுத்தைத்தான் மாற்றுகிறது, சொல் அதேதான்.

தொழில் தேர்ச்சி என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் தமிழில் பழைய சொல் இருக்கிறது: பெருந்தச்சன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, 'வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்' என்று அதைக் கட்டிய தலைமைக் கலைஞனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இன்று செங்கல் கட்டுமானத்துக்கு அந்தச் சொல் கனமாகப் படும். 'தலைமைக் கொத்தனார்' போதும்.

இந்தியில் வழங்கும் 'மிஸ்திரி'யும் இதே போர்ச்சுக்கீசியச் சொல்தான், ஆனால் அங்கே பொருள் வேறு பக்கம் போய்விட்டது. கைத்தொழில் தெரிந்த எவரும் மிஸ்திரிதான்: தச்சர், மோட்டார் மெக்கானிக், கொத்தனார். 'ராஜ் மிஸ்திரி' என்றால் வெறும் கொத்தனார். பீகாரிலிருந்து வந்தவர் "நான் மிஸ்திரி" என்று சொல்வதை, பத்து ஆள் வைத்து நடத்துபவர் என்று இங்கே புரிந்துகொண்டால் கூலிப் பேச்சு முதல் நாளே கோணலாகும். அவர் சொன்னது கரணை பிடிக்கத் தெரியும் என்பதைத்தான்.

இனி 'மேற்பார்வையாளர்'. அகராதியும் அரசுப் படிவமும் எடுத்த எடுப்பில் தருவது இதைத்தான், ஆனால் பொருந்தாது. மேற்பார்வையாளர் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். அவர் போனால் இன்னொருவர் வருவார், ஆட்கள் அப்படியே இருப்பார்கள். மேஸ்திரி போனால் ஆட்களும் போவார்கள். அந்தக் குழு அவர் பின்னால் வந்தது. பெரும்பாலும் அவர் ஊர், அவர் சாதிசனம், அவர் வீட்டுக்காரியின் தம்பி. சித்தாள் அவரை 'சார்' என்பதில்லை. 'மேஸ்திரி' என்றே கூப்பிடுவார், உறவென்றால் 'மாமா', 'அண்ணே'. வேலையிடமும் குடும்பமும் ஒன்றாகக் கலந்த இந்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதலாளியிடம் "கூலி குறையுதே" என்று கேட்கலாம். மாமாவிடம் கேட்டால் அது அடுத்த கல்யாணப் பந்தி வரைக்கும் பேச்சாகும்.

பணம் ஓடும் வழியைப் பார்த்தால் சொல்லின் பொருள் தெளியும். வீட்டுக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் கூலி ஒப்பந்தம் பேசுகிறார். மேஸ்திரி ஆட்களுக்கு நாள் கூலி கொடுக்கிறார். இடையில் மிஞ்சுவது அவருடையது, மழையில் வேலை இழுத்தால் கையைக் கடிப்பதும் அவரைத்தான். கணக்கு அவர் சட்டைப்பை நோட்டில் இருக்கும்: பெயருக்கு எதிரே நாளுக்கு '1', மதியம் போனால் '½', ராத்திரி கான்கிரீட் போட்டால் '1½'. கடைசிப் பத்தியில் 'செலவு', அதாவது வாரத்தின் நடுவே வாங்கிய முன்பணம். தகராறு வருவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பத்தியில்தான். கொடுத்த நாள் எழுதாமல் தொகையை மட்டும் எழுதுவது, இரண்டு முருகன் இருந்தால் ஒருவர் செலவு மற்றவர் பேரில் ஏறுவது, நோட்டு மேஸ்திரியோடு போய்விடுவது. வாங்கியவர் கையெழுத்தோடு நாள் வாரியாக எழுதி, அதைச் செல்போனில் படம் பிடித்து ஆள் ஒருவரிடமும் வைத்துவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

செங்கல் சூளையில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். அங்கே ஆள் என்பது தனி ஆள் இல்லை, 'ஜோடி'. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒன்று. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் கணவன் பெயரில். மனைவி மண் குழைத்தாலும் கல் அறுத்தாலும் நோட்டில் அவள் பெயர் இருக்காது. சீசன் முடிவில் அறுத்த கல் முன்பணத்துக்குக் காணாவிட்டால், மீதியைச் சொல்லி அடுத்த ஆண்டும் அதே சூளைக்கு வரவைப்பார்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்படிக் கட்டிப்போடும் கடனையே செல்லாததாக்கியது. இந்த மேஸ்திரிக்குத் 'தலைமைக் கொத்தனார்' என்றோ 'மேற்பார்வையாளர்' என்றோ எழுதினால் நடந்ததையே மறைத்ததாகும்.

அவருக்குச் சரியான தமிழ்ச்சொல் ஒன்று உண்டு: கங்காணி. கண் + காணி, கண்ணால் கண்டு நிற்பவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கண்காணி செய்வார்' கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர், மதிப்பான சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பிறகு மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தன் ஊரில் ஆள் திரட்டிக் கொண்டுபோனவருக்கு அந்தப் பெயர் ஒட்டியது. பர்மாவுக்கு ஆள் கொண்டுபோனவர்களை மேஸ்திரி என்றார்கள். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இலங்கைத் தோட்டத்தில் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொருவர் பின்னும் ஒரு கூட்டம், பெரும்பாலும் உறவுக்காரர். கப்பல் செலவும் அரிசியும் தொழிலாளியின் பற்றில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் 'துண்டு' வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசிய கங்காணிகள் உண்டு. பேரத்தில் ஏறிய தொகையும் ஆட்களின் கடன்தான். துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியதோடு அங்கே கங்காணி முறைக்கு முடிவு வந்தது. சொல் மட்டும் சிங்களத்திலும், ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. இலங்கை மலையகத்தில் இன்று கங்காணி என்றால் மலையில் கொழுந்து பறிப்பதைப் பார்த்து நிற்கும் சாதாரண உத்தியோகம்.

ஆக, எழுதும்போது எந்த மேஸ்திரி என்று முதலில் பார்க்க வேண்டும். நூல் பிடித்துச் சுவர் எழுப்புபவர் தலைமைக் கொத்தனார். ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, குழுவுக்கும் முதலாளிக்கும் நடுவே நிற்பவர் கங்காணி; படிப்பவருக்குச் சொல் பழசாகப் பட்டால் 'ஆள் திரட்டும் இடைத்தரகர்' என்று விரித்தே எழுதலாம். முழு வேலையையும் பொருளோடு ஏற்று முதல் போடுபவர் ஒப்பந்தக்காரர், அவர் மேஸ்திரியே இல்லை. கதையில், பேச்சில், கூப்பிடும் இடத்தில் மேஸ்திரியை மேஸ்திரியாகவே விட்டுவிடுவது நல்லது. "தலைமைக் கொத்தனாரே, சிமெண்டு தீர்ந்துபோச்சு" என்று எந்தச் சித்தாளும் குரல் கொடுப்பதில்லை.