பிரசிடெண்ட்: தலைவரா, அதிபரா?

ஊரில் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சி மன்றத் தலைவர். டெல்லிக்குப் போனால் அவர் குடியரசுத் தலைவர், அமெரிக்காவில் அதிபர், இலங்கையில் ஜனாதிபதி. அந்த இலங்கையிலேயே அதிபர் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்! சரி, மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் பிரசிடெண்டாக இருந்த எல்லன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண்மணியை என்னவென்று எழுதுவது?

மூலச் சொல் லத்தீன். 'ப்ரே' என்றால் முன்னால், 'செடேரே' என்றால் உட்காருதல். கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதை நடத்துகிறவர், அவ்வளவுதான். மன்னர் வாடையே இல்லாத இந்தச் சொல்லை 1787-இல் அமெரிக்க அரசியல் சட்டம் நாட்டின் தலைமைப் பதவிக்கு வைத்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் குடியேறிய கறுப்பினத்தவர், 1847-இல் லைபீரியாவைத் தனி நாடாக அறிவித்தபோது அதே பதவிப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். முதல் பிரசிடெண்ட் ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ் வர்ஜீனியாவில் பிறந்தவர்.

அதன்பின் அந்த நாற்காலியில் எல்லாம் ஆண்கள்தான். 1996-இல் ரூத் பெரி என்ற பெண்மணி இடைக்கால ஆட்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஆனால் அது நியமனம். வாக்குப் பெற்று வந்தவர் சர்லீஃப். ஆப்பிரிக்காவிலேயே தேர்தலில் வென்று நாட்டுத் தலைமைக்கு வந்த முதல் பெண்ணும் அவரே.

சும்மா வந்துவிடவில்லை. 1979-இல் நிதி அமைச்சர். மறு ஆண்டே ராணுவப் புரட்சி. அரசின் முக்கியப் பொறுப்பாளர்கள் 13 பேரைத் தலைநகர் மன்ரோவியாவின் கடற்கரையில் கம்பங்களில் கட்டிச் சுட்டார்கள். தப்பிய சில அமைச்சர்களில் இவர் ஒருவர். 1985-இல் ராணுவ ஆட்சியை விமர்சித்ததற்காகச் சிறை. 1997 தேர்தலில் சார்லஸ் டெய்லரிடம் தோல்வி. 2005 நவம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் கால்பந்து வீரர் ஜார்ஜ் வியாவைத் தோற்கடித்து, 2006 ஜனவரி 16 அன்று பதவியேற்றார். 2018-இல் பதவியை ஒப்படைத்ததும் அதே வியாவிடம்தான்.

2005 தேர்தலில் சர்லீஃபின் ஆதரவாளர்கள் போட்ட கோஷம்: "எல்லன்தான் எங்கள் ஆம்பளை!" பதவியோடு ஆண் என்பது அவ்வளவு ஒட்டிக் கிடந்தது. இந்தியாவில் 2007-இல் பிரதிபா பாட்டீல் வந்தபோதும், 'ராஷ்டிரபதி'யில் இருக்கும் 'பதி' கணவனையும் குறிக்குமே என்று பேச்சு கிளம்பியது. ஜனாதிபதியிலும் அதே பதிதான். தமிழில் தலைவர் என்று 'அர்' போட்டால் மரியாதையும் வந்துவிடும், ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். தலைவி என்று எழுத வேண்டாம். அகப்பாடலில் தலைவனுக்காகக் காத்திருக்கும் பெண் நினைவுக்கு வந்துவிடுவாள்.

அதிபர் பிழையல்ல. நிர்வாக அதிகாரம் முழுவதும் கையில் உள்ளவரை அப்படிக் குறிப்பது நம் பத்திரிகை வழக்கம், சர்லீஃபும் அந்த வகைதான். ஆனால் அதிபருக்குள் ஆள்பவன், உடையவன் என்ற பொருள் இருக்கிறது. மூலச் சொல்லில் அது இல்லை. அதனால் கட்டுரைக்குள் 'லைபீரியக் குடியரசுத் தலைவர்' என்றே எழுதுவேன். தலைப்பில் இடம் போதாவிட்டால் மட்டும் அதிபர்.