அடுப்பங்கரைச் சுவருக்கு அசல் வேண்டாம்

பழைய பிரெஞ்சு உணவக, மது விளம்பரச் சுவரொட்டிகளைச் சமையலறையில் மாட்டும் ஆசை பலருக்கு இருக்கிறது. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். மாட்டப்போவது அசல் என்றால், வீட்டில் அதற்கு மிக மோசமான இடம் சமையலறைதான்.

பிரான்சில் 1881 ஜூலை 29 சட்டம் சுவரொட்டிகளுக்கு இருந்த கட்டுகளைத் தளர்த்தியது. சுவரொட்டி ஓவியர் ஜூல் ஷெரே வண்ணக் கல்லச்சை, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையை (லித்தோகிராஃபி), பெரிய அளவுக்கு ஏற்கெனவே வளர்த்திருந்ததால், பாரிஸ் சுவர்கள் விரைவிலேயே நிறைந்தன. சில வாரம் தெருவில் இருந்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்கு அடியில் மறைய வேண்டிய தாள்கள் அவை. யாரும் நல்ல காகிதத்தைச் செலவழிக்கவில்லை. மலிவான மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து, இன்று மடித்த இடத்தில் ஒடிகிறது. பிழைத்தவற்றைத் துணியின்மேல் மாவுப் பசையால் ஒட்டித்தான் காப்பாற்றுகிறோம்.

குக்கர் ஆவியில் அந்தத் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். பின்னாலிருக்கும் துணி அதே அளவில் அசையாது. விளைவு, அலை அலையான புடைப்புகள். ஈரம் நீடித்தால் பூஞ்சைப் புள்ளிகள். மாவுப் பசையோ ராமபாணப் பூச்சிக்கு விருந்து. இவற்றையெல்லாம்கூட ஓரளவு சரிசெய்யலாம். தாளிப்புப் புகை கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் நுழைந்து தாளில் ஊறிவிட்டால், அந்த மஞ்சளை முழுவதும் எடுக்க என்னிடம் வழியில்லை.

'அசல்' என்று விலை சொன்னால் முதலில் அளவைக் கேளுங்கள். சுவரொட்டி ஓவியர் கப்பியெல்லோ 1906இல் மொரேன் கினா மதுவுக்கு வரைந்த பச்சைப் பிசாசு ஏறத்தாழ 160 செ.மீ. உயரம். நாட்காட்டி அளவில் கிடைப்பது அந்தச் சுவரொட்டி அல்ல. பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். ஒரே சீரான நிறப்புள்ளி வரிசை தெரிந்தால் அது பின்னாள் ஆப்செட் அச்சு. கல்லச்சில் சுண்ணக்கட்டியால் தேய்த்தது போன்ற ஒழுங்கற்ற மணிகள் தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு: 1895 முதல் 1900 வரை வெளிவந்த 'லே மெத்ர் தெ லஃபீஷ்' என்ற சுவரொட்டித் தொகுப்பின் 256 தாள்கள் சிறியவை, ஆனாலும் அக்காலக் கல்லச்சுகளே. அவற்றின் மூலையில் மையில்லாத புடைப்பு முத்திரை இருக்கும்.

சமையலறைக்கு நல்ல நகலே போதும். அதிலும் காப்பித்தூள் நிறத்தில் 'பழமை' பூசியதை வாங்காதீர்கள். ஷெரேயின் மஞ்சளும் சிவப்பும் அச்சகத்திலிருந்து வெளிவந்தபோது பளிச்சென்றுதான் இருந்தன. 1932இல் சுவரொட்டி ஓவியர் கசாந்த்ர் வரைந்த 'வாகோன்-பார்', ரயில் சக்கரத்தின் முன் பாட்டிலும் கிளாஸும் நிற்கும் படம், சமையலறைக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அவர் 1968இல் இறந்ததால் பிரான்சில் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் பெற்ற அச்சா என்று கேட்டு வாங்குங்கள். கப்பியெல்லோ 1942இல் மறைந்தவர், அவர் படங்களுக்கு அங்கே அந்தத் தடை இல்லை.

கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளிவிட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள். அடுப்புக்கும் சிங்குக்கும் எதிர்ச்சுவர் நல்லது. துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடியில் தெளித்தால் வழிந்து, கீழ்ச் சட்டத்தின் இடுக்கு வழியாகத் தாளுக்குள் ஏறிவிடும்.