எம்.எஸ். இருப்பவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா?

வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது. வேகமாக நாலு தெரு நடந்தால் கால் பின்னுகிறது. அரை மணி நேரம் காற்றாட உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய், சுருக்கமாக எம்.எஸ்., உள்ள பலருக்கும் இது தெரிந்த அனுபவம்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: நோய் முற்றுகிறதோ?

முற்றவில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதும் புரிந்துவிடும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. இடையிடையே சின்ன இடைவெளிகள் விட்டு இது சுற்றியிருக்கும். நரம்பில் வரும் மின்குறிப்பு ஒரு இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித்தாவிப் போவதால்தான் அதற்கு அவ்வளவு வேகம். எம்.எஸ். நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த உறையைத் தாக்குகிறது. தாக்கிய இடங்கள் தழும்பாக இறுகிப்போகின்றன. 1868இல் பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தபோது அவர் கண்ணில் பட்டவையும் இந்தத் தழும்புகள்தான்.

உறை போன நரம்பிழை, ஓட்டை விழுந்த குழாய் மாதிரி. மின்னோட்டம் வழியிலேயே கசிந்துவிடும். அப்படியும் பல இழைகளில் குறிப்பு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது, மயிரிழையில்.

இங்கேதான் சூடு குறுக்கிடுகிறது. நரம்பில் குறிப்பை உண்டாக்குவது அதன் சுவரில் உள்ள சோடியம் வாயில்கள் என்ற நுண்துளைகள். அவை திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது, அந்தப் பாய்ச்சல்தான் அடுத்த இடைவெளியைத் தூண்டுகிறது. வெப்பம் ஏறினால் இந்த வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும், அதனால் உள்ளே வரும் மின்னோட்டம் குறையும். நல்ல நரம்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தேவையைப் போலப் பல மடங்கு அதன் கையிருப்பில் இருக்கிறது. உறையிழந்த நரம்புக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே குறிப்பு பாதியில் நின்றுவிடக்கூடும். உடல் குளிர்ந்ததும் அதே இழை மறுபடி வேலை செய்யும். புதிதாக எதுவும் அழிந்திருக்காது.

இதே கணக்கை வைத்து மருந்தே வந்திருக்கிறது. டால்ஃபாம்ப்ரிடின் என்ற மாத்திரை, குறிப்பை முடித்துவைக்கும் பொட்டாசியம் வாயில்களை அடைக்கிறது. அப்போது நரம்புக் குறிப்பு சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கிறது, ஓட்டையைத் தாண்டிப் போக அது போதுமானதாகிவிடுகிறது. நடையை மேம்படுத்த 2010இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை என்றாலும், பலிப்பவர்களுக்கு நடை வேகம் கூடுகிறது.

சரி, உடற்பயிற்சிக்கு வருவோம். 1890இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடலை வருத்தியதும் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். காரணம் உழைப்பு என்று அவர் நினைத்தார். உழைப்பால் ஏறும் சூடுதான் காரணம் என்பது பின்னாளில்தான் தெளிவானது. ஆனால் அதற்குள் ‘ஓய்வெடுங்கள், உடலை அலட்டாதீர்கள்’ என்பதே மருத்துவ அறிவுரையாக நிலைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் எத்தனையோ பேர் இதை நம்பி உட்கார்ந்தே இருந்தார்கள். தசை மெலிந்தது, எலும்பு வலுவிழந்தது, இதயம் சோர்ந்தது, அந்தப் பலவீனம் எல்லாமே நோயின் கணக்கில் எழுதப்பட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

1996இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. 54 நோயாளிகளில் ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 40 நிமிடம் வீதம், 15 வாரங்கள் கைகால்களை இயக்கும் சைக்கிள் கருவியில் பயிற்சி செய்தார்கள். அவர்களின் இதயத் திறனும் தசை வலுவும் கூடின, மனச்சோர்வு குறைந்தது, நோய் மோசமாகவில்லை. அப்புறம் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. இப்போது வல்லுநர்கள் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்குவது, அதுவும் அவரவர் உடல்நிலைக்கு ஏற்றபடி. நடக்க முடிந்தவர் நடக்கலாம். முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். எம்.எஸ். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சூட்டைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. உடல் வெப்பம் காலையில் தாழ்ந்தும் மாலை நெருங்க உயர்ந்தும் இருக்கும், ஆகவே பலருக்குக் காலைப் பயிற்சி ஒத்துவருகிறது. தொடங்கும் முன்பும் இடையிலும் நன்கு குளிர்ந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம். மின்விசிறி, கழுத்தில் ஈரத்துண்டு, வெதுவெதுப்பில்லாத குளத்தில் நீச்சல், எல்லாமே உதவும். பத்து நிமிடம் செய்து, ஆறி, மறுபடி பத்து நிமிடம் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்.

காய்ச்சலும் இதே வழியில்தான் தொல்லை தருகிறது. அதில் அடிக்கடி ஏமாற்றுவது சிறுநீர்த் தொற்று. தண்டுவடம் பாதித்தவர்களுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலே தெரியாமல் போகலாம். திடீரென்று கால் கனக்கும், சோர்வு அமுக்கும். நோய் மறுபடி தாக்குகிறதோ என்று பதறிப் போனால், சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருக்கும். அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் நிறைய. செய்யாதீர்கள். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் தொற்றும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். அதே சமயம், புதிய அறிகுறி ஒன்று காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது உண்மையான தாக்குதலாக இருக்கலாம், உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னவை அன்றைக்கு மட்டும் குறிப்பைத் தடுமாற வைப்பவை. நரம்பையே அரிப்பவை வேறு. அவற்றில் முதல் இடம் புகைக்கு. புகைப்பவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பும் அதிகம், வந்த பிறகு அது வேகமாக முற்றுவதும் அதிகம். 2015இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், நோய் உறுதியான பின்னும் தொடர்ந்து புகைத்த ஒவ்வோர் ஆண்டும், நோய் படிப்படியாக முற்றிக்கொண்டே போகும் அடுத்த கட்டத்துக்குப் போகும் காலத்தைச் சுமார் 4.7 சதவீதம் முன்னே இழுத்தது. நோய் வந்தாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் இந்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லுங்கள்.

அடுத்தது ரத்தக் குழாய்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவை உள்ள எம்.எஸ். நோயாளிகளுக்கு நடக்கத் துணை தேவைப்படும் நிலை சீக்கிரமே வருகிறது. உணவு விஷயத்தை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். எம்.எஸ். நோயைக் குணமாக்கும் பத்தியம் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் காய்கறி, பழம், பயறு, மீன், முழுத் தானியம் என்று இதயத்துக்கு நல்லதாக இருக்கும் சாப்பாடு மூளைக்கும் நல்லது. உணவு வகைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகும் கடும் பத்தியங்கள் உடலை மெலியவைத்துவிடும்.

வைட்டமின் டி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது குறைவாக உள்ளவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் நோய் வந்த பிறகு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுபோலப் பேசவில்லை. ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் நிரப்புவது சரி. தானாகவே அள்ளி விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

இவை எதுவும் மருந்துக்கு மாற்று அல்ல. 1993இல் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற ஊசி மருந்து வந்ததிலிருந்து நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் வரிசையாக வந்துள்ளன. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துபவர்கள் உண்டு. நன்றாக இருக்கும்போதும் மூளையில் சத்தமில்லாமல் புதிய தழும்புகள் வரலாம், அவற்றை எம்.ஆர்.ஐ. மட்டுமே காட்டும். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது, குழந்தைக்குத் திட்டமிடுவது, தடுப்பூசி போடுவது என எதுவாக இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். குறிப்பாக, உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் சில எம்.எஸ். மருந்துகளோடு சேரவே கூடாது.