தங்கம் ஏன் சிவக்கிறது, பென்டிரைவ் ஏன் மறக்கிறது

கொரோனா சமயத்தில் மூக்குக்குள் குச்சியை விட்டுச் சுழற்றி, அதைத் திரவத்தில் முக்கி, பிளாஸ்டிக் கிட்டில் நாலு சொட்டு விட்டுவிட்டு, ஒரு கோடா ரெண்டு கோடா என்று 15 நிமிடம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். மெடிக்கலில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டும் அதே வகைதான். இரண்டிலும் தெரிகிற அந்த இளஞ்சிவப்புக் கோடு, பெரும்பாலான கிட்டுகளில், தங்கம். நிஜத் தங்கம், நகைக்கடையில் இருக்கும் அதே தனிமம். மஞ்சளாக இல்லாமல் சிவப்பாகத் தெரிவதற்கு ஒரே காரணம் அதன் அளவு.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர், கிட்டில் இருக்கும் தங்க உருண்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40. அவ்வளவு சின்ன உருண்டைக்குள் எலக்ட்ரான்களுக்கு ஓடியாட இடமில்லை, அதனால் ஒளி வந்து படும்போது குடத்துத் தண்ணீர் மாதிரி எல்லாம் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளும்புகின்றன. இந்தத் தளும்பலுக்குத் தாளம் சரியாகப் பொருந்துவது பச்சை ஒளி. அதை உருண்டை விழுங்கிவிட, கண்ணுக்கு மிச்சமாக வருவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே தங்கக் கரைசலிலிருந்து இப்படிச் சிவப்புத் திரவம் செய்து, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள்தான் என்று சொல்லிவிட்டார்.

கிட்டுக்குள் நடப்பதும் எளிமையானதுதான். சொட்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில், மேலே ஆன்டிபாடி ஒட்டிய தங்க உருண்டைகள் காய்ந்து கிடக்கும். திரவம் காகிதத்தில் மை ஊறுவதுபோல ஊறி அவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வழியில் வைரஸ் புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். டி கோட்டில் ஏற்கெனவே ஒட்டவைத்திருக்கும் வேறு ஆன்டிபாடிகள் அதே புரதத்தை மறுபக்கத்திலிருந்து பிடிக்கும், தங்கம் அங்கேயே மாட்டிக்கொண்டு குவியும், கோடு சிவக்கும். சி கோடு வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கத்தைப் பிடித்துவிடும், அது கிட் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும்.

இதே மாதிரி, அளவை வைத்து நிறத்தை மாற்றும் வித்தைதான் குவாண்டம் டாட் டிவிகளிலும். 2 நானோமீட்டர் படிகம் நீலம், 6 நானோமீட்டர் ஆனால் சிவப்பு, 2023 வேதியியல் நோபல் அதற்குத்தான். அதை விட்டுவிடலாம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது போனுக்குள் நடக்கும் கூத்து. பொருளைக் குறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் குணம் மாறுகிறது, சரி. அதே குணமாற்றம் போனின் ஒரு சிப்பில் தலைவலி, பக்கத்துச் சிப்பில் பிழைப்பு.

முதலில் தலைவலி. டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். மின்சாரம் ஓட ஒரு பாதை, அதன் மேல் கேட் என்ற முனை, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம். கேட்டில் மின்னழுத்தம் கொடுத்தால் பாதை திறக்கும், எடுத்தால் மூடும். 1971இல் இன்டெல் 4004 சிப்பில் இப்படிச் சுமார் 2,300 சுவிட்சுகள். 2023இல் வந்த ஐபோன் 15 ப்ரோவின் சிப்பில் 1,900 கோடி. எல்லாவற்றையும் குறுக்கினால் நடுவிலிருக்கும் படலத்தையும் குறுக்க வேண்டும் இல்லையா, 2000களின் நடுவில் அது 1.2 நானோமீட்டருக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய ஐந்து அணு அடுக்கு. சுவர் அவ்வளவு மெலிந்தால் எலக்ட்ரான் அதை உடைப்பதும் இல்லை, ஏறிக் குதிப்பதும் இல்லை, நேராக அந்தப் பக்கம் போய் நின்றுவிடும். இதற்குக் குவாண்டம் டனலிங் என்று பெயர். ஒரு எலக்ட்ரான் போனால் பரவாயில்லை, கோடிக்கணக்கான சுவிட்சுகளில் ஓயாமல் கசிந்தால் சிப் சும்மா இருக்கும்போதே சூடாகும், பேட்டரி கரையும்.

2007இல் இன்டெல் படலத்தின் பொருளையே மாற்றியது. ஹாஃப்னியம் கலந்த படலத்தைத் தடிமனாகப் போட்டாலும் கேட்டின் பிடி குறையாது, கசிவும் அடங்கியது. ஆனால் பாதை குட்டையாகிக்கொண்டே போனதில் அடுத்த கசிவு வந்தது, கேட் மூடச் சொன்னாலும் பாதையின் அடிப்பக்கமாக மின்சாரம் நழுவியது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸைக் காலால் மிதித்து நிறுத்திப் பார்த்திருப்பீர்கள், ஓரத்தில் கொஞ்சம் ஒழுகிக்கொண்டே இருக்கும், கையால் சுற்றிப் பிடித்து நெரித்தால்தான் நிற்கும். அதைத்தான் செய்தார்கள். பாதையைச் சுவர்போல நிமிர்த்தி மூன்று பக்கமும் கேட்டால் அணைத்தார்கள், அப்புறம் 2022இல் சாம்சங் நாலு பக்கமும் சுற்றிப் பிடிக்கும் வடிவத்தை உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு விஷயம். "3 நானோமீட்டர் சிப்" என்ற விளம்பரத்தைப் பார்த்து உள்ளே ஏதோ ஒன்று 3 நானோமீட்டர் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு இன்னும் நாற்பது ஐம்பது நானோமீட்டர் இருக்கிறது. 3 என்பது தலைமுறையின் பெயர், புடவைக் கடையில் வைக்கும் பெயர் மாதிரி. அதற்காகச் சாதனை சின்னது என்று சொல்லவில்லை. அந்தக் கோடுகளை வரைய வேண்டிய 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளிக்காக, வெற்றிடத்தில் உருகிய தகரச் சொட்டுகளை நொடிக்கு 50,000 வீதம் விழவிட்டு ஒவ்வொன்றையும் லேசரால் அடிக்கிறார்கள்.

இப்போது பிழைப்பு. பென்டிரைவ், மெமரி கார்டு, போனின் 128 ஜிபி, எல்லாம் ஃபிளாஷ் மெமரி. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. பெரிய தொகுதியை ஒரே வீச்சில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொன்னதால் வந்த பெயர். இதிலும் டிரான்சிஸ்டர்தான், ஆனால் பாதைக்கும் கேட்டுக்கும் நடுவே எலக்ட்ரான்களுக்கு ஒரு சிறை. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர், எந்தக் கம்பியும் உள்ளே போகாது. பாதைப் பக்கத்துச் சுவர் 10 நானோமீட்டருக்கும் குறைவு. கம்பியே இல்லாத அறைக்குள் எலக்ட்ரானை எப்படி அடைப்பது? டனலிங்தான். போனில் கசிகிறது என்று பக்கத்துச் சிப்பில் திட்டிக்கொண்டிருந்த அதே சமாசாரம். சிப்புக்குள்ளேயே ஏறக்குறைய 20 வோல்ட் வரை ஏற்றி இழுத்தால் எலக்ட்ரான்கள் சுவர் தாண்டி உள்ளே போகும். வோல்ட்டை எடுத்ததும், சுவர் கடக்க முடியாத அளவுக்குத் தடிமன், உள்ளேயே கிடக்கும். வருடக்கணக்கில், மின்சாரமே இல்லாமல்.

படிப்பது இன்னும் சுலபம். உள்ளே எலக்ட்ரான் அடைந்திருந்தால் சுவிட்சைத் திறக்கக் கூடுதல் வோல்ட் வேண்டும், எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு அடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இருக்கு, இல்லை என்ற இரண்டு நிலையோடு நிறுத்தாமல் 8 நிலை, 16 நிலை என்று பிரித்து ஒரே அறையில் மூன்று நாலு பிட்டுகளைத் திணிக்கிறார்கள். விலை மலிவானதன் ரகசியம் இது. மலிவான கார்டு சீக்கிரம் போவதன் ரகசியமும் இதுதான், நிலைகள் நெருங்க நெருங்கக் கொஞ்சம் எலக்ட்ரான் கசிந்தாலே கணக்கு தப்பிவிடும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் பழுதாகிறது, சூட்டில் வைத்தால் கசிவு கூடுகிறது. கல்யாண போட்டோவை ஸ்டூடியோக்காரர் கொடுத்த பென்டிரைவிலேயே விட்டு, மொட்டைமாடிக்குக் கீழறை பீரோவில் பத்து வருடம் பூட்டி வைப்பவர்கள் தயவுசெய்து இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் காதுகுத்துப் படங்கள் பாதி சாம்பல் நிறக் கட்டங்களாக வந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிறைகளைக் குறுக்கும் போட்டி ஒரு கட்டத்தில் பின்வாங்கியது. 15 நானோமீட்டர் பக்கம் வந்ததும் ஒரு அறையில் அடையும் எலக்ட்ரான்கள் மிகவும் குறைந்து, அக்கம்பக்கத்து அறைகளின் சலனமே குழப்பியது. 2013இல் சாம்சங் 24 அடுக்காக மேல்நோக்கிக் கட்டத் தொடங்கியது, அறைகளை முன்பைவிடப் பெரிதாகவே வைத்துக்கொண்டு. இன்று 200 அடுக்குக்கு மேல் போயாயிற்று.

தகவலைக் காந்தத் துகள்களின் திசையாக எழுதிவைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு வேறு தொல்லை. காந்தத் துகள் 8 நானோமீட்டர் பக்கம் வந்து இன்னும் சிறுத்தால் அறையின் வெப்பமே அதன் திசையைப் புரட்டிவிடும். புரளாத கெட்டியான இரும்பு பிளாட்டினம் கலவையைப் போட்டால் எழுதவே முடியாது. அதனால் எழுதும் ஒரு கணம் மட்டும் அந்த இடத்தைச் சூடாக்குகிறார்கள். லேசரை அவ்வளவு சின்னப் புள்ளியில் குவிக்க லென்ஸால் ஆகாது, ஒரு நுண்ணிய உலோகத் துண்டில் எலக்ட்ரான்களைத் தளும்பவைத்துத்தான் குவிக்கிறார்கள். கிட்டில் கோட்டைச் சிவக்கவைத்த அதே தளும்பல். சீகேட் 2024இல் கொண்டுவந்த 30 டெராபைட் டிஸ்க்குகள் இப்படித்தான் எழுதுகின்றன.

மருத்துவத்துக்கு வந்தால், அளவு என்பது ஏறக்குறைய முகவரி. ரத்தத்தில் விட்ட துகள் ஐந்தாறு நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடித்து வெளியே அனுப்பிவிடும், 200ஐத் தாண்டினால் மண்ணீரலில் மாட்டும். நடுவில் கிடைக்கும் இடத்தில்தான் எல்லா ஆட்டமும். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைக் கெடுக்கக்கூடியது. அதைச் சுமார் 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டைக்குள் அடைத்துச் செய்த டாக்ஸிலுக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய ஓட்டைக் குழாய்கள், உருண்டை அங்கே கசிந்து தங்கும் என்பது கணக்கு. இதயத்துக்குப் பாதிப்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் கட்டிக்குள் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் ஏமாற்றம். பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் டொரண்டோ ஆய்வாளர்கள் பார்த்தபோது, விலங்குகளில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக வெறும் 0.7 சதவீதம். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. புற்றைத் தேடிப்போய்க் கொல்லும் நானோ ரோபோ என்று வருடத்துக்கொரு செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த 0.7தான் ஞாபகம் வரும்.

சரி, எப்படியும் கல்லீரலுக்குத்தான் போவேன் என்கிறதா, அப்படியென்றால் கல்லீரல் நோய்க்கே கொடுப்போம் என்று ஒரு வழி பிறந்தது. ரத்தத்தில் விட்டதும் கொழுப்பு உருண்டையின் மேல் உடம்பின் ஒரு புரதம் போய் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல் அதை வழக்கமாக வரும் கொழுப்பு என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுத்ததும் ஒரு பைக்குள் அடைத்து, செரிப்பதற்காக அமிலம் சேர்க்கிறது. உருண்டைக்குள் இருக்கும் விசேஷக் கொழுப்புக்கு ரத்தத்தில் மின்சுமை கிடையாது, அமிலம் பட்டதும் நேர்மின்சுமை ஏறும், எதிர்மின்சுமை கொண்ட பையின் சுவரோடு ஒட்டி அதைக் கிழிக்கும். அந்தக் கிழிசல் வழியாக, மருந்தாக உள்ளே வைத்த ஆர்என்ஏ (செல் எந்தப் புரதத்தைச் செய்யும் என்பதை மாற்றக்கூடிய மூலக்கூறு) தப்பி வெளியே வருகிறது. செல் செரிப்பதற்காக ஊற்றிய அமிலமே சாவி ஆகிவிடுகிறது. அப்படியும் ஆய்வகத்தில் அளந்தபோது தப்பியது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான், அதுவே போதுமானதாக இருக்கிறது.

2018இல் இந்த வழியில் முதல் மருந்து வந்தது, கல்லீரல் சுரக்கும் கோளாறான புரதம் ஒன்றை நிறுத்த. இரண்டு வருடம் கழித்து ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏவைச் சுமந்ததும் இதே மாதிரி உருண்டைதான். 2023 மருத்துவ நோபல் எம்ஆர்என்ஏவைச் சரிசெய்த கரிகோவுக்கும் வைஸ்மனுக்கும் போனது, நியாயம்தான், உருண்டை செய்தவர்கள் பெயரையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்கு இந்த உருண்டையில் வேறு சரக்கை ஏற்றினார்கள். புரதம் செரிக்கும்போது வரும் அம்மோனியாவை அகற்ற முடியாத பிறவிக் கல்லீரல் குறைபாடு, காரணம் மரபணுவில் எழுத்துப் பிழை. அந்தக் குழந்தையின் பிழைக்கென்றே ஆறு மாதத்தில் ஒரு மரபணுத் திருத்தியைத் தயாரித்து மூன்று தவணையாகச் செலுத்தினார்கள். வைரஸை வாகனமாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் தவணைக்கே உடம்பு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு அடுத்ததைத் தடுத்திருக்கும், கொழுப்பு உருண்டை என்பதால் திரும்பக் கொடுக்க முடிந்தது. குழந்தையால் முன்பைவிடக் கூடுதல் புரதம் சாப்பிட முடிகிறது, மருந்தின் அளவும் குறைந்திருக்கிறது. கோளாறு கல்லீரலில் இருந்தது அதிர்ஷ்டம். மூளையில் இருந்திருந்தால் அனுப்ப முகவரி இன்னும் கையில் இல்லை.