பையன் பேரில் சம்பளம் போடுவதற்கு முன்னால்

மார்ச் பிறந்துவிட்டால் திருப்பூர்ப் பக்கம் எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் காதில் விழும் கேள்வி இது: "ஏனுங் சார், பையன் பேர்ல ஒரு சம்பளம் போட்டுக்கலாங்ளா?" பனியன் கம்பெனிக்காரர் மட்டுமல்ல, சோமனூர் தறிக்காரர், காங்கயம் அரிசி ஆலைக்காரர், நாமக்கல் லாரிக்காரர் என்று எல்லாரும் கேட்பதுதான்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. சொந்தப் பெயரில் தொழில் நடத்தும் அப்பாவுக்கு வருடம் 35 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் 24 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. மகனுக்கு மாதம் 50,000 சம்பளம் என்றால் 6 லட்சம் செலவாகக் கழிந்து, வரிமேல் வரியான செஸ்ஸோடு சேர்த்து 1,87,200 ரூபாய் மிச்சம். மகனுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவருக்கும் வரி பூஜ்யம். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி வராது.

இது தப்பா என்றால், தப்பில்லை. 18 வயது முடிந்த மகனோ மகளோ வேலை பார்த்து வாங்கும் சம்பளம் அவர்கள் வருமானம்தான். அப்பா கணக்கில் சேராது. மனைவிக்குச் சம்பளம் போட்டால்தான் சிக்கல். அவருக்கு அந்த வேலைக்கான தொழில்முறைத் தகுதி இல்லையென்றால் அது கணவர் வருமானத்திலேயே சேர்ந்துவிடும்.

பிரச்சினை போடுகிற விதத்தில் இருக்கிறது. கணக்கைத் திறந்தால் மார்ச் 31 தேதியில் ஒரே ஒரு ஜர்னல் என்ட்ரி: "சம்பளம், மகன், 6,00,000". ஏப்ரலிலிருந்து அதுவரை பேங்கில் ஒரு ரூபாய் போகவில்லை. பையனோ கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல் வாசம். காலேஜில் அவனுக்கு நல்ல அட்டெண்டன்ஸ் இருப்பது வீட்டுக்குப் பெருமைதான். அப்பாவின் சம்பளக் கணக்குக்கு அதுவே எதிர்சாட்சி.

வேலையே நடக்கவில்லை என்றால் அது தொழிலுக்கான செலவே இல்லை; முழுத் தொகையும் அடிபடும். வேலை நடக்கிறது, சம்பளம்தான் அதிகம் என்றால் வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2) பிரிவு வரும். (பிரிவு, படிவ எண்கள் 1961 சட்டத்தின்படி, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் எண்கள் வேறு.) உறவினருக்குக் கொடுத்தது சந்தை மதிப்புக்கு மேல் என்று அதிகாரி கருதினால், மிகையான பகுதியைச் செலவாக ஏற்க மாட்டார். பத்து வருடமாக இருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு 35,000, போன வருடம் டிகிரி முடித்த பையனுக்கு ஒரு லட்சம் என்றால், என்ன பதில் சொல்வீர்கள்? அப்பாவுக்குச் செலவு ஏற்கப்படாத பிறகும் மகன் கையில் அது வருமானமாகவே நிற்கும். ஒரே பணத்துக்கு இரண்டு பக்கமும் வரி கட்ட நேரலாம். டாக்ஸ் ஆடிட்டுக்கு வருபவர்கள் இதை மறைக்கவும் முடியாது. உறவினருக்குக் கொடுத்ததை 3சிடி என்ற தணிக்கை அறிக்கைப் படிவத்தில் 23ஆம் பத்தியில் ஆடிட்டர்களான நாங்கள் எழுதியே ஆகவேண்டும்.

ஆகவே, எவ்வளவு போடலாம் என்று கேட்பவரிடம், பையன் என்ன வேலை பார்க்கிறார் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கட்டிங் பார்க்கிறாரா, சரக்கு வாங்கும் பையருக்கு (buyer) மெயில் போடுகிறாரா, பார்ட்டியிடம் பணம் வசூலிக்கிறாரா? அதற்கு வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதை, நியமனக் கடிதம் கொடுத்து, மாதாமாதம் பேங்க் வழியாகக் கொடுங்கள். ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாகவே கழியாது.

சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவில், செலவுக் கணக்குப் பார்க்காமல் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாச் செலவும் போனதாகத்தான் அந்த விகிதமே. மகனுக்குச் சம்பளம் போட்டாலும் உங்கள் வரி ஒரு பைசா குறையாது. மகன் மட்டும் வருமானம் காட்டவேண்டி வரும்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் வருமானம் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். உடலுழைப்பிலோ சொந்தத் திறமையிலோ வந்ததற்கு விலக்கு உண்டு. பதினாலு வயதுக்குக் கீழே இருப்பவர் பெயரைச் சம்பளப் பட்டியலில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் கூடமாட உதவத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. எக்ஸ்போர்ட் பேப்பர் முழுக்க மகள்தான் பார்ப்பார்; சம்பளம் ஹாஸ்டலில் இருக்கும் மகன் பேரில் ஓடும். வரிச் சட்டத்துக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். பாப்பாவுக்குப் போட்டால் கணக்கும் நிற்கும், அவருக்கு நியாயமும் கிடைக்கும்.

பையனைப் பார்ட்னராகச் சேர்த்துவிட்டால் கதை மாறிவிடும். அவர் எடுப்பது சட்டப்படி சம்பளமல்ல, தொழில் வருமானம். சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலையான கழிவு கிடைக்காது. பார்ட்னர்ஷிப் டீடில் எழுதியிருக்க வேண்டும், பார்ட்னர் சம்பளத்துக்கான 40(பி) பிரிவின் வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டிடிஎஸ்ஸும் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். டீடு கையெழுத்தான மாதமே அக்கவுண்டண்டிடம் சொல்லி, சம்பளப் பட்டியலிலிருந்து பையன் பெயரை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.