வெளிச்சம் போட்ட கணக்கு

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் காவலூர் வானாய்வகத்துக்குப் போயிருந்தேன். எம்51 என்ற கேலக்ஸியும், அதாவது நட்சத்திரக் கூட்டமும், அதை ஒட்டிய சிறிய கேலக்ஸியும் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆலங்காயத்திலிருந்து வந்திருந்த பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி கேட்டாள்: "இது ரெண்டும் உரசிப் போக கோடிக்கணக்கான வருஷம் ஆகும்னு சொல்றீங்க. யாருமே நின்னு பார்க்க முடியாது. அப்புறம் எப்படி சார் மோதல்னு சொல்றாங்க? சும்மா பக்கத்துல பக்கத்துல இருக்கலாம் இல்லையா?" கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது.

எம்51 நம்மிடமிருந்து சுமார் 3 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பெரியது ஒரு சுருள். அதன் ஒரு கையின் நுனியில் என்ஜிசி 5195 என்ற சிறிய கேலக்ஸி தொங்குவது போலத் தெரியும். அந்தச் சுருளை முதன்முதலில், 1845இல், தன் பெரிய தொலைநோக்கியில் பார்த்து வரைந்தவர் அயர்லாந்தின் ராஸ் பிரபு.

மோதல் என்றதும் நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். சூரியனை ஒரு கடுகாக்கி வேலூர் கோட்டை வாசலில் வைத்தால், அடுத்த கடுகை ஆம்பூரில்தான் வைக்க வேண்டும். நடுவில் எல்லாம் வெறும் வெளி. ஆனால் ஈர்ப்பு விசை அந்த வெளியைத் தாண்டி எட்டும், எட்டி உருவத்தையே கலைத்துவிடும். வாயு மேகங்கள்தான் நிஜமாக மோதும். அழுந்திய இடங்களில் புது நட்சத்திரங்கள் பிறக்கும்.

இனி கேள்விக்கு வருவோம். இரண்டு கேலக்ஸிகள் உரசிப் போனால் உருவம் எப்படி மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் 1941இல் அதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு கேலக்ஸிக்கு 37 புள்ளி, இரண்டுக்கும் சேர்த்து 74 என்று வைத்தால்கூட, ஒன்றை ஒன்று இழுக்கும் ஜோடிகள் 2701. ஒவ்வொரு சின்ன நகர்வுக்கும் அத்தனையையும் மறுபடி போட வேண்டும். கையால் யார் போடுவது? சுவீடன் வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க் வேறு வழி கண்டுபிடித்தார். தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு கால்வாசியாகும். விளக்கின் வெளிச்சமும் அப்படியேதான் குறையும்! அதனால் நட்சத்திரக் கூட்டத்துக்குப் பதில் 74 பல்புகளைப் பரப்பி வைத்தார். ஒரு பல்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெளிச்சத்தை அளக்கும் போட்டோசெல்லை வைத்தால், மற்ற எல்லாப் பல்பின் வெளிச்சமும் அதன்மேல் சேர்ந்து விழும். கூட்டல் வேலையை வெளிச்சமே செய்துவிடுகிறது. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் இழுவை. அதற்கேற்பப் பல்புகளை நகர்த்தி, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தி, கேலக்ஸிகள் ஒன்றையொன்று கடந்து போவதைப் படிப்படியாகப் பார்த்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடியாத்தத்தில் வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளோடு இதைச் செய்தும் பார்த்தேன். பத்து டார்ச் பல்பு, ஒரு சின்ன சோலார் செல், ஒரு மல்டிமீட்டர். பல்புகளைக் காலித் தீப்பெட்டிகள்மேல் ஒட்டினோம்; எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, சிமென்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். செல்லை நாலு பக்கமும் திருப்பி, எதிரெதிர் அளவுகளைக் கழித்து எழுதிக்கொண்டே போக ஒரு சாயந்தரம் முழுக்க ஆனது. ஆறாவது நகர்வில் ஒரு பையன் கத்தினான், "சார், இது பிய்ச்சுக்கிட்டுப் போகுது!" பக்கத்துக் கேலக்ஸியைப் பார்த்திருந்த தீப்பெட்டி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது, எதிர்ப்புறத்துப் பெட்டி பின்தங்கியிருந்தது. கிட்டே இருப்பதற்கு இழுவை அதிகம், நடுவுக்கு அதைவிடக் குறைவு, தூரத்துப் பக்கத்துக்கு இன்னும் குறைவு. அதனால் இரண்டு பக்கமும் நீள்கிறது. நிலா கடலில் நாளுக்கு இரண்டு முறை ஏற்றம் உண்டாக்குவதும் இதே காரணத்தால்தான். கேலக்ஸி சுழன்றுகொண்டும் இருப்பதால் அந்த நீட்சி வளைந்து, ஒன்று பாலமாகவும் மற்றது வாலாகவும் ஆகிவிடும்.

மொத்தச் செலவு 800 ரூபாய்க்குள். அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்புக்குக் கொடுக்கிற நிதியில் ஒரு சிறு பங்கை இப்படிக் கையால் செய்து பார்க்கும் சோதனைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். திரையில் ஓடும் படத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கத்தாது.

காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்த அதே 1972இல், ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற அண்ணன் தம்பி இருவரும் கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கைப் போட்டார்கள். எந்தக் கோணத்தில், எவ்வளவு நெருக்கத்தில் கடந்தால் எந்த உருவம் வரும் என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில், எம்51இன் கையும் பாலமும் அப்படியே வந்தன. ஆன்டெனா கேலக்ஸிகள் என்ற இன்னொரு ஜோடியின் இரண்டு நீள வால்களும் வந்தன. சும்மா பக்கத்தில் இருக்கும் கேலக்ஸிக்கு அந்த வால் முளைக்காதம்மா. யாரும் நின்று பார்க்க வேண்டியதில்லை. கடந்து போனதன் தடம் அந்த உடம்பிலேயே இருக்கிறது.

நாம் இருக்கும் பால்வெளிக் கேலக்ஸிக்கும் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவுக்கும் இது நடக்குமா என்றால், 2025இல் வந்த ஓர் ஆய்வு அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் மோத வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது.

கல்யாணத்தில் அருந்ததி காட்டுவார்களே, அந்த சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருப்பது மரீசி. அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் எம்51. ஜவ்வாது மலை இருட்டில், நிலா இல்லாத ஏப்ரல் இரவில், ஆறு அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால் இரண்டு மங்கலான பஞ்சுப் பொட்டுகளாகத் தெரியும்.