எட்டாம் வாய்ப்பாடு ரெண்டாம் வாய்ப்பாட்டுக்குள்ளயே இருக்கு

அக்கா பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கிறா, ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறுன்னு ராகம் போட்டு முதல்லருந்து வருவா, நடுவுல தடுக்கிருச்சுன்னா திரும்பவும் ஓரெட்டுலருந்து. போன வாரம் அப்படி நின்னப்போ நான் எட்டை விட்டுட்டு "ஈரேழு?"ன்னு கேட்டேன். பதினாலு, ஈரேழு பதினாலு லோகம்னு பாட்டி சொல்லிச் சொல்லி அது அவளுக்கு அத்துப்படி. அதை ரெட்டிப்பாக்குன்னேன், 28. இன்னொரு தடவை, கொஞ்சம் யோசிச்சு 56. "அப்போ எட்டாம் வாய்ப்பாடே வேணாமா?"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இது ஏன் வேலை செய்யுதுன்னா எட்டுங்கிறதே ரெண்டை மூணு தடவை பெருக்கினதுதான். புளியங்கொட்டையை வரிசைக்கு ஏழா ரெண்டு வரிசை வைங்க, 14. பக்கத்துல அதே மாதிரி ரெண்டு வரிசை, இப்போ நாலு வரிசை 28. அந்த மொத்தத்தையும் இன்னொரு தடவை வச்சா எட்டு வரிசை, 56. இதையே பக்கவாட்டுல இருந்து பார்க்கச் சொல்லுங்க, வரிசைக்கு எட்டா ஏழு வரிசை தெரியும், ஏழெட்டும் எட்டேழும் ஒண்ணுதான்னு தனியா விளக்கவே வேண்டாம், கொட்டையே காட்டிரும்.

நாம என்னடான்னா 2, 3, 4, 5ன்னு வரிசையா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத பத்துப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ண வைக்கிறோம். 2, 4, 8 ஒரு குடும்பம். 3, 6 ஒரு குடும்பம். 10ல பாதி 5. 9ன்னா பத்து மடங்குல ஒரு மடங்கைக் கழிக்கணும், ஒம்பதேழுக்கு எழுபதுல ஏழு போக 63. பத்துக்குப் பத்து கட்டத்துல மொத்தம் 100 பெருக்கல் இருக்கு, திருப்பிப் போட்டா ஒண்ணா இருக்கறதை எடுத்துட்டா 55 தான், அதுலயும் 1, 2, 10, 5, 4, 8, 9, 6 இதெல்லாம் மேல சொன்ன வழியில வந்துரும்னா கடைசியில மிஞ்சுறது மும்மூணு 9, மூவேழு 21, ஏழேழு 49, வெறும் மூணே மூணு! நான் பேப்பர்ல அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத்தான் நம்பினேன்.

மூணுக்கும் ஏழுக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கு. மூணாம் வாய்ப்பாட்டோட கடைசி இலக்கம் மட்டும் எழுதுங்க: 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, 0. ஏழுக்கு 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. சைபரைத் தள்ளி வச்சுட்டுப் பார்த்தா ஒண்ணு இன்னொண்ணோட தலைகீழ். மூணும் ஏழும் சேர்ந்தா பத்து, அதனாலதான். மூவெட்டு 24, ஏழெட்டு 56, கூட்டினா 80, விடை சரியான்னு குழந்தையே இதை வச்சு சரிபார்த்துக்கலாம். நாலுக்கும் ஆறுக்கும், ரெண்டுக்கும் எட்டுக்கும் இதே உறவுதான்.

ஒரு விஷயம், இதுக்கெல்லாம் ரெட்டிப்பாக்குறது சரளமா வரணும். 28ஐ ரெட்டிப்பாக்கும்போது எட்டும் எட்டும் பதினாறு, ஒண்ணை மேல ஏத்தணும், அங்கதான் இவ திணறுனா, அதனால ரெண்டு நாள் வாய்ப்பாட்டையே தொடாம 17, 26, 35ன்னு சும்மா ரெட்டிப்பு மட்டும் விளையாடினோம். மனப்பாடம் வேண்டாம்னு சொல்லல, வேகத்துக்கு அது வேணும், ஆனா மறந்து போனா திரும்பி வர ஒரு வழி கையில இருக்கணும்.

நம்ம பழைய கணக்குல இதே வழி கீழ்நோக்கிப் போகும். அரை, கால், காலுல பாதி அரைக்கால், அதுல பாதி மாகாணி, அதாவது பதினாறுல ஒண்ணு, அரைக்கால்ங்கிற பேரைச் சொன்னாலே பாதி உறவு தெரிஞ்சிரும். 1957க்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா, அதுல பாதி எட்டணா, கால்வாசி நாலணா.

இதை அவகிட்ட சொல்லிட்டு இருக்கும்போதே "அப்போ பதினாறேழு?"ன்னு அவளே ஆரம்பிச்சா. 56, 56... விரல்ல எண்ணி, 112.